சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீ தூரத்தில் நலமாக இருந்தால் இங்கே பாதிக் கவலை குறையும். போனில் சொல்லலாம்தான். ஆனால் அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், எனக்கும் போனைக் கையில் வாங்கினால் பேச்சு வராது. அதனால்தான் கடிதம்.

அப்பாவின் ஏணியையும் டிரில் மெஷினையும் விலைக்கு வாங்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா எப்படி விழுந்தார் என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அன்று எதிர்க் கட்டிடத்தில் மேல்மாடி வேலை முடித்து இறங்கினோம். நான் ஏணியோடு முன்னால் வந்துவிட்டேன். இரண்டாம் மாடியில் பூனை வளர்க்கிறாரே, அந்தப் பூனை வீட்டம்மா அப்பாவை நிறுத்தி, “வந்ததுதான் வந்தீங்க, இந்த ஒரு பல்பு ஹோல்டரை மட்டும் பாத்துட்டுப் போயிடுங்க” என்றிருக்கிறார்.

பெரிய வேலை என்றால் அப்பா என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது பையில் இருக்கும் வரை யாரும் தெரியாமல் கரண்ட் போட முடியாது. ஆனால் இது சும்மா செய்கிற வேலை. காசு வாங்காத வேலைக்கு டிவியை நிறுத்தச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். வெறும் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறியிருக்கிறார். எவனோ எப்போதோ ஒயரை மாற்றிக் கொடுத்திருந்ததால் சுவிட்சை அணைத்தும் ஹோல்டரில் கரண்ட் இருந்திருக்கிறது. தூக்கி எறிந்ததில் வலது மணிக்கட்டு போயிற்று.

அந்த அம்மா பழம் வாங்கிக்கொண்டு வந்து அழுதார். அப்பா அவரிடம், “உங்களுக்குத்தான் வீண் சிரமம்” என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! “கையையும் ஒடைச்சுக்கிட்டு மன்னிப்பு வேற கேக்குறாரு பாரு மனுஷன்” என்று அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

இருவருக்கும் இதே வழக்குத்தான். “அஞ்சு நிமிஷ வேலைக்குக் கை நீட்டினா, நாளைக்குப் பெரிய வேலைக்கு நம்மள எவன் கூப்பிடுவான்?” என்பார் அப்பா. “அந்த வீட்டுக்கு முழு வயரிங் பண்ணப்போ உங்களையா கூப்பிட்டாங்க? வேற ஆளுதானே வந்தான்? சும்மா கெடைக்கிற ஆளு சும்மா வேலைக்குத்தான்” என்பாள் அம்மா.

இப்போது காலிங் பெல், பிளக் என்று வந்தால் நான்தான் போகிறேன். படிப்பை விட்டதிலிருந்து அப்பாவுக்கு ஸ்டூல் பிடித்தவள் ஆயிற்றே, சின்ன வேலைகள் வருகின்றன. விலைதான் வாயில் வரவில்லை. “எவ்வளவும்மா?” என்றால் “பரவால்லங்க” என்று சொல்லிவிட்டு ஓடி வருவேன். “அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு கணக்கு வைத்தேன்: எவ்வளவு சின்ன வேலையானாலும், ஒருவர் வெளியே ஒரு வேளை சாப்பிட ஆகிற காசு.

போன வாரம் அதே பூனை வீட்டம்மா கூப்பிட்டு அனுப்பினார். அதே ஹோல்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் உடுப்பில் பை இல்லாததால், அப்பா தூங்கும்போது ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டையை மேலே போட்டுக்கொண்டு போனேன். மெயினை இறக்கிக் கட்டையைப் பையில் போட்டேன். ஸ்டூலில் ஏறிப் புது ஹோல்டரை மாட்டினேன். முடித்து இறங்கினேன். அவர் “எவ்வளவு?” என்றதும் ஒரே ஓட்டம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பை கனத்துத் தொங்கியதை அப்பா பார்த்துவிட்டார். இடது கையால் கட்டையை எடுத்து, “மெயினை எறக்கினியா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அதற்குள் வாசலில் அந்த அம்மா. “ஏம்மா பொண்ணே, பல்பு மாட்டக் கூப்பிட்டா வீட்டுக் கரண்டையே தூக்கிட்டு வந்துட்டியே!” அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறுபடி ஏறிப்போய்க் கட்டையைச் செருகினேன். விளக்கு எரிந்தது, டிவி கத்தியது. அந்தச் சத்தத்தில் என் விலையைச் சொல்லிவிட்டேன். “இதுக்கா? உங்கப்பா ஒருநாளும் வாய் தெறந்து கேட்டதில்லையே” என்றார். “அதனாலதாங்க விழுந்தாரு” என்று என் வாயில் வந்துவிட்டது, அண்ணா. அவர் முகம் விழுந்துபோயிற்று. காசைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூலி கேட்டேனா, குத்திக் காட்டினேனா? இன்னும் தெரியவில்லை. அம்மா சரிதான் என்கிறாள். அப்பா “அந்தம்மா மனசு என்ன பாடுபடும்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னோடு பேசவில்லை. அந்தக் கட்டிடத்திலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை.

நேற்று இஸ்திரிக் கடைக்காரர் பிளக் கருகிவிட்டதென்று வந்தார். சட்டை ஆணியில் இல்லை. அப்பாவின் கட்டில் ஓரத்தில் இருந்தது. சட்டைக் கைகள் இரண்டும் என் அளவுக்கு மடிக்கப்பட்டிருந்தன. இரண்டு மடிப்புமே கோணல், ஒற்றைக் கையால் மடித்த மாதிரி. அப்பா அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் விலை சொன்னேன், பேரம் பேசினார், கொடுத்தார்.

அந்தக் கை இனி வேலைக்கு ஆகாது என்று டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாமென்று சொல்லிவிடு. இன்னொன்றும் கேட்கிறேன். இனிப் போன் செய்தால் அப்பாவிடம் கையைப் பற்றிக் கேட்காதே. ஒரு காலிங் பெல் மாட்ட என்ன கேட்கலாம், ஒரு சுவிட்ச் மாற்ற என்ன கேட்கலாம் என்று கேள். முதலில் கோபப்படுவார். போனை வைத்துவிடாதே அண்ணா, அவர் சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இரு.

உன் வாயில்லாப்பூச்சி,
தங்கை