நாற்பத்தோராம் பாலத்தில் சிக்கிய தாராளம்

குருவி படகு,
நாற்பத்தோராம் பாலத்துக்கு அப்பால்,
செப்டம்பர் 27, சனிக்கிழமை.

என் நெத்திலிக்கு,

தெல்மா எழுதுவது. நான் நலம். பதிலுக்கு உன் நலம் கேட்பதுதான் முறை. பிப்ரவரிக்குப் பிறகு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் நேராகச் சேதிக்கு வருகிறேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுச் செருப்பு ஃபேக்டரிக்குப் போனவளுடைய எழுத்து இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் பிஸ்கட் டப்பாவில் உன் தொப்பியோடு வைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த முகவரி அதுதான்.

முதலில் கெட்ட சேதி. நம் குருவியை விற்பதாகச் சொல்லிவிட்டேன். திட்டாதே, முழுக்கக் கேள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த சட்டம்தான். கால்வாய் ஆபீஸ்காரர்கள் நல்லவர்கள், உன் இறுதிக் காரியத்துக்குப் பிறகு ஏழு மாதம் என்னை ஒரே இடத்தில் விட்டுவைத்தார்கள். இந்த மாதக் கடைசியோடு சரி என்று போன வாரம் கடிதம் வந்தது. யார் ஓட்டுவது? முப்பத்தோரு வருஷமும் சுக்கான் உன் கையில், மதகுச் சாவி என் கையில். நான் கரைப்பாதையில் முன்னால் நடந்துபோய் மதகைத் திறந்து வைப்பேன், நீ பின்னாலேயே வருவாய். நடுவில் திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பாய். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நட" என்பாய். அந்த ஏற்பாட்டில் நான் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள நேரமே வரவில்லை.

அதனால் ஐரிஸ் சொன்னதற்குத் தலையாட்டினேன். அவள் ஃபிளாட்டில் எனக்கு ஒரு அறை ஒழித்து, மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை கூடத் தைத்துவிட்டாள். என் தங்கை ஒன்று நினைத்தால் ஊசியோடுதான் நினைப்பாள். நாற்பத்தோராம் பாலம் தாண்டி இடது பக்கம் படகுப் பட்டறை இருக்கிறதே, வெள்ளிக்கிழமை மதியம் அங்கே ஆள் வந்து குருவியைப் பார்த்து முடித்துக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை ஓட்டிக்கொடுக்கிறேன் என்று பக்கத்துப் படகு மெர்வின் ஒப்புக்கொண்டான். அவன் இன்னும் பெருத்துவிட்டான். அவன் பின்பக்கம் ஏறி நின்றால் என் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

வியாழக்கிழமை காலை கயிற்றை அவிழ்த்தோம். வளைவு தாண்டினோம், எதிரே பாலத்தைக் காணோம். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீடு நின்றது. உனக்கு ஆகவே ஆகாத அந்த அகலப் படகுகளில் ஒன்று, நம் படகைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம், பாலத்து வளைவுக்குள் மூக்கை நுழைத்து, கூரையின் முன்மூலை இரண்டும் செங்கல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. முதல் நாள் சாயங்காலமே சிக்கியதாம். பின்னால் பெரிய எழுத்தில் தாராளம் என்று பெயர். மெர்வின் இஞ்சினை அணைத்துவிட்டு உன் வாயிலிருந்து வருகிற கெட்ட வார்த்தை அத்தனையும் வரிசையாகச் சொன்னான். உனக்காகவும் சேர்த்துச் சொன்னானோ என்னவோ, எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

படகுக்காரர் க்ளைவ், ரிட்டயரான பல் டாக்டர். மனைவி பிலிப்பா. வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் கையில் நோட்டுப் புத்தகம். ஏப்ரலில் இதே பாலத்தை நாலு விரல் இடம் மிச்சம் வைத்துத் தாண்டியிருக்கிறேன், அளந்து எழுதி வைத்திருக்கிறேன் என்று வந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, பாவம்.

"பாலம் கீழ இறங்கிருச்சாங்க?" என்று மெர்வினிடமே கேட்டார்.

"பாலம் இருநூறு வருஷமா நின்ன இடத்துலதான் சார் நிக்குது. உங்க வீடுதான் வளந்துபோச்சு. மாடி ஏதும் கட்டுனீங்களா?" என்றான் மெர்வின்.

மத்தியானத்துக்குள் எங்களுக்குப் பின்னால் நாலு படகு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலக்கரிப் படகையும் சேர்த்து மூன்று படகு. ஆளாளுக்கு ஒரு யோசனை. ஆபீசுக்குப் போன் போட்டால் திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள். மெர்வின் கயிறு கட்டிப் பத்துப் பேரைச் சேர்த்துப் பின்னால் இழுத்தான். படகு அசையவில்லை. கயிறு அறுந்தது, பத்துப் பேரும் வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். அறுந்த கயிறு தண்ணீருக்கடியில் போய் தாராளத்தின் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இப்போது இஞ்சினும் ஓடாது. க்ளைவ் ரம்பத்தை எடுத்து வந்து கூரை மூலையை அறுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, அறுக்க மனசு வராமல் அதைப் பிடித்தபடியே நின்றார்.

எனக்கு உள்ளுக்குள் என்ன என்றால், சொல்லவே வெட்கம், சந்தோஷம். இந்தப் படகு இங்கேயே கிடந்தால் நான் வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போக முடியாது. குருவி இன்னும் நாலு நாள் என் வீடாக இருக்கும். அன்றைக்கு ரொட்டியும் பன்றிக்கறியும் வறுத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை பிலிப்பா தேநீர் கோப்பையோடு என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் எங்களை வெறுக்கிறார்கள் என்று அழுதாள். தேற்றுவதற்காக, படகு பெரிதாக இருப்பதில் என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டேன். குளிக்கிற தொட்டி என்றாள். முழு நீளத் தொட்டி, தினமும் இரண்டு வேளை கழுத்துவரை தண்ணீர் விட்டுக் குளிப்பாளாம். முழங்கால் வலிக்கு அதுதான் மருந்தாம்.

நெத்திலி, அந்த நிமிஷம் நம் இரண்டு புகைப்போக்கிகளும் என் கண்முன்னால் வந்து நின்றன. நான் போர்வை எல்லாவற்றையும் துவைத்து, முன்பக்கம் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, படகின் மூக்கு தூக்கிக்கொண்டு, அடுத்த பாலத்தில் புகைப்போக்கி பறந்ததே. அடுத்த வருஷம் இரண்டாவதும் போனதே. "நீ துவைக்கிற துவைக்கு நாம ஒருநாள் பறக்கப்போறோம்" என்று எத்தனை நாள் கேலி செய்தாய்.

"தண்ணி கடைசியா எப்ப பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தாள். ஒன்பது நாளுக்கு முன்னால். இன்று காலை பல் தேய்க்கக்கூடக் குழாயில் வரவில்லை என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். ஏப்ரலில் அளந்தபோது முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி மூக்கு தாழ்ந்திருந்தது. இப்போது அது காய்ந்து மூக்கு எழும்பிவிட்டது. பல் டாக்டர் பாலத்தை அளந்தார், மனைவி குளித்ததை அளக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தேநீர் ஆறுகிறவரை அப்படித்தான் இருந்தேன். திங்கட்கிழமைக்குள் வாங்க வந்தவன் வேறு படகு பார்த்துக்கொண்டு போய்விடுவான் என்றுகூட ஓர் எண்ணம். ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கோப்பையைக் கழுவி வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய் எல்லோரிடமும் சொன்னேன். இழுக்க வேண்டாம், மூக்கை அமுக்குங்கள். குழாய் அரை மைல் தள்ளி இருக்கிறது, தண்ணீருக்குப் பதில் ஆள் ஏறுங்கள் என்றேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாக அந்தப் படகைச் சபித்தவர்கள் அத்தனை பேரும் காலைத் துடைத்துவிட்டு ஏறினார்கள். பத்தொன்பது பேர், நாலு நாய். நிலக்கரிக்காரர் நாற்பது மூட்டையைக் கொண்டுவந்து முன்னால் அடுக்கினார். பிலிப்பா உலர்பழக் கேக் வெட்டிக் கொடுத்தாள். உள்ளே சோபாவில் உட்கார்ந்ததும் ஆளாளுக்குக் குரலே மாறிவிட்டது. இவ்வளவு இடமா, கால் நீட்டலாமே என்று ஒருவர். அடுப்பு எந்தக் கடை என்று ஒருத்தி. மூக்கு ஒரு விரல் இறங்கியது. இன்னும் அரை விரல் வேண்டியிருந்தது. எல்லோரும் மெர்வினைப் பார்த்தார்கள்.

அவன் குருவியின் சுக்கானில் நின்றுகொண்டிருந்தான். தாராளத்துக்கு இஞ்சின் இல்லாததால் பின்னாலிருந்து நம் படகால் தள்ள வேண்டும், அதற்கு அவன்தான் ஆள் என்று ஏற்பாடு.

"நான் அங்க போயிட்டா இத யாரு தள்ளுறது?" என்றான்.

படகு ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளே கேக் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இறங்கினால் மூக்கு எழும்பும்.

"நீ போ மெர்வின். உன் வயித்துக்கு அங்கதான் வேலை. சுக்கான நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வலது பக்கம் போகணும்னா எந்தப் பக்கம் தள்ளுவ, சொல்லு பாப்போம்."

"எதிர்ப்பக்கம், இடது. போடா."

போனான். அவன் காலை வைத்ததும் உள்ளே எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். தாராளத்தின் மூக்கு இறங்கியது. கூரை மூலைக்கும் செங்கல்லுக்கும் நடுவே கத்தி முனையளவு வெளிச்சம் தெரிந்தது.

உன் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டேன். பெரிதாக இருந்தது. மெதுவாக இஞ்சினை முறுக்கினேன். நம் படகு முன்னால் தொங்குகிற கயிற்றுப் பந்து போய் தாராளத்தின் பின்புறத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. க்ளைவ் அவருடைய சுக்கானைப் பிடித்துக்கொண்டு, நேராக, நேராக என்று என்னைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை இடது வலது மாறிப்போய் நாணலுக்குள் பாதி போனேன். திரும்பி வந்தேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். குருவி குலுங்கியது, தட்டுகள் ஆடின, ஒரு கோப்பை உடைந்தது (நீல வரி போட்டது, உனக்குப் பிடிக்காதது). அப்புறம் அந்தப் பெரிய வீடு ஒருமுறை முனகிவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. கூரையில் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு விழுந்தது, அவ்வளவுதான். அது போன வழியிலேயே நானும் போனேன். ஏழு மாதமாக நான் பயந்த பாலம், தலைக்கு மேலே வந்து, ஈரமாக, குளுகுளுவென்று தாண்டிப்போய்விட்டது.

தாராளம் ஓரமாக ஒதுங்கியது. பட்டறைக்காரர் படித்துறையில் கையில் கயிறு வைத்துக்கொண்டு எனக்காக நின்றார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், வாங்க வந்தவர். இரண்டு பேரும் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். நிறுத்துவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நெத்திலி. கையாட்டிக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். பின்னால் மெர்வின் பின்பக்கம் முறுக்கு, பின்பக்கம் முறுக்கு என்று கத்தினது கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அங்கிருந்து மதகுவரை நேரான தண்ணீர். நல்ல வெயில். கால் மைல் போய், தோதான நாணல் புதரில் மூக்கைச் செருகி நின்றேன். ஒரு வாத்துக் குடும்பம் மட்டும் கோபித்துக்கொண்டது.

சாயங்காலம் ஐரிஸுக்குப் போன் போட்டேன். விற்கவில்லை, வரவும் இல்லை என்றேன். அப்போ அந்தத் திரைச்சீலையை என்ன செய்வது என்று கேட்டாள். வெட்டி நம் வட்ட ஜன்னலுக்குத் தைத்துக் கொடு என்றேன். போனை வைத்துவிட்டாள். இன்று காலை அளவு கேட்டுக் கூப்பிட்டாள்.

நிறுத்தக் கற்றுத்தர மெர்வின் திங்கட்கிழமை வருகிறான். பிலிப்பா மதகுச் சாவி பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். அடுத்த வாரம் எனக்கு முன்னால் நடப்பாள். கற்றுக்கொடுக்கிற கூலியாக அவள் தொட்டியில் குளிக்க விடுகிறாள். விசிறியில் சுற்றிய கயிற்றை அறுத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துவிட்டார்கள், இன்று கழுத்துவரை முங்கிக் கிடந்தேன். தாராளத்தின் மூக்கு இன்னொரு நூல் எழும்பியிருக்கும்.

உன் கையுறை நனைந்துவிட்டது, அடுப்பு மேல் காயப்போட்டிருக்கிறேன். அங்கே உனக்குக் குளிராமல் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. நேற்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிரே கரைப்பாதை நீளமாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை. நான் நடக்கிற பாதை அது. உன் இடத்தில் நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. முப்பத்தோரு வருஷம் உன் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்தப் பாதையும் என் முதுகும்தானே?

என்றும் உன்,
தெல்மா

பி.கு. எதைப் பார்த்து அப்படிச் சிரித்துக்கொண்டே வந்தாய், நெத்திலி?