உன் மெஷினைப் பினாயிலால் துடைத்தார்கள்

அக்கா,

இன்று காலை கம்பெனியில், நம் தையல் லைனில் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள். ஆயம்மா பினாயில் போட்டுத் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் தையல் கோணிவிட்டது. ஒரு ஜோடி ஷூவுக்கான தோல் வீண். சூப்பர்வைசர் கத்தினான். கத்தட்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் உன் மெஷினைப் பினாயில் போட்டுத் துடைக்கச் சொன்ன அதே மகராசன்தான். டிப்ளமோ படித்தவன். எச்.ஐ.வி. கிருமி தையல் மெஷினில் ஏறிக் குந்திக்கொண்டு அடுத்தவளைக் கடிக்கும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களோ!

நீ டிபன் டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாய். "இன்னாத்துக்கு சார் தொடைக்கிறீங்க?" என்று கேட்டாய். அவன் ஆயம்மா பக்கம் திரும்பி, "இன்னொரு வாட்டி தொட" என்றான். நம் லைனில் முப்பது பெண்கள். பாதிப் பேர் வீட்டு ஆம்பளைகள் டேனரியில் பச்சைத் தோலைப் புரட்டிவிட்டு, ரத்தமும் உப்புமாக வீடு திரும்புகிறவர்கள். அந்தச் சட்டையைக் கசக்கித் துவைக்கிறவளுக்கு, நீ வாய் வைத்த டம்ளர் அருவருப்பாக இருந்ததாம். தூ!

கம்பெனி பஸ்ஸில் விஷயத்தை அவிழ்த்துவிட்டவள், நம்மோடு வேலைக்கு வந்த உன் அண்ணி. உன் அண்ணன் அவளுக்கும் மேல். ஆலங்காயம் பக்கம் ஒரு வைத்தியனிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனார். "நாப்பத்தெட்டு நாள்ல கிருமி ஓடிப்பூடும்" என்றானாம் அந்த மேதாவி. ஒரு மண்டலம் லேகியம் தின்றாய். கிருமி எங்கும் ஓடவில்லை. நீதான் பாதியாக இளைத்துப்போனாய்.

ஆனால் ஆஸ்பத்திரி மாத்திரையை நீ நிறுத்தியது அவன் பேச்சைக் கேட்டு இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட்டாய். காரணம் நான்.

அன்றைக்கு வேலூர் ஆஸ்பத்திரியில், மாத்திரை கொடுக்கிற அறைக்கு வெளியே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் வராந்தாவில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் டோக்கனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாய். அப்புறம் அந்தப் பக்கமே நீ வரவில்லை. நான் யாரையோ பார்க்க வந்தவள், ஊரெல்லாம் தமுக்கடித்துவிடுவேன் என்று பயந்துவிட்டாய். அட பைத்தியமே! நானும் அதே மாத்திரைக்குத்தான் வந்தேன். என் புருஷன் எனக்குக் கொடுத்த சீதனம் அது.

அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துப் பக்கத்து மெஷின். "நானும்தான்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் மெஷினைத் துடைத்த அன்று நீ என்னைத்தான் பார்த்தாய், நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து. நான் என்ன செய்தேன்? என்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வேறு மேஜைக்குப் போனேன். அந்த முப்பது பேரையும் காறித் துப்புகிறேனே, அதில் முதல் எச்சில் என் முகத்தில்தான் விழ வேண்டும்.

டி.பி. வந்து மூன்றே மாதத்தில் போய்விட்டாய். சாவுக்குக்கூட நான் வரவில்லை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன் அக்கா. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "ஒரு நாளும் உடாத. போட்டா கிருமி அடங்கிக் கெடக்கும், உட்டா எழுந்துக்கும்" என்று ஆஸ்பத்திரி கவுன்சலர் அம்மா மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் சொன்னதுதான். தினம் மாத்திரை போடுகிறேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி கம்மி. மாத்திரை போட்டுக்கொண்டே பெற்ற மகளுக்கு நோய் இல்லை. இவ்வளவுதான். இதற்கா நீ செத்தாய்?

போன மாதம் அதே அறைக்கு வெளியே, நம் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டு எழுந்தாள். ஓடிப்போய் வாசலில் கையைப் பிடித்தேன்.

"எங்கடி ஓட்ற? நானும் மாத்திர வாங்கத்தான் வந்திருக்கேன். ஒக்காரு."

வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவள் உட்கார்ந்தாள். நம்பர் கூப்பிடும்வரை என் கையை விடவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த வாசலைப் பார்த்தேன். அன்றைக்கு உன் பின்னால் நான் ஓடிவர வேண்டியிருந்த தூரம், பத்தடிகூட இல்லை அக்கா.