என் மகள் பிடித்திருந்த கை

திருப்பூர்
19.1.2025

அன்புள்ள சாஜிதா அக்காவுக்கு,

முத்துமாரி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் ஏதாவது கடுமையாக வாயில் வந்துவிடும் என்று பயந்துதான் பேப்பரை எடுத்தேன்.

முதலில் நன்றி. திருட்டு பைக் என்று தெரியாமல் கூடப் படிக்கும் அந்தச் செல்வக்குமார் பின்னால் ஏறிப் போன என் மாரிசெல்வியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது, நான் இங்கே பனியன் கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தேன். அங்கே அவளை வைத்துப் பார்க்கும் என் அண்ணன் பிச்சையா, "இந்தக் கேவலத்துக்கெல்லாம் நான் போக மாட்டேன்" என்று போனை அணைத்துவிட்டான். பிடிபட்ட பிள்ளைகளுக்குத் துணையாக உட்காரும் தன்னார்வலர் என்று நீங்கள் ஒருவர் போயிராவிட்டால், பதினேழு வயதுப் பிள்ளை அங்கே தனியாகக் கிடந்திருப்பாள். அதை மறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று மனதில் கிடந்து அறுக்கிறது. மறுநாள் இளைஞர் நீதிக் குழுமத்தில், "இந்தப் பிள்ளையோட அம்மா யாரு?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அவளோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நான்.

பரீட்சை முடியும்வரை அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாளாம். படிக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுதுங்கள். என்னிடம் கேட்டால் "ம்" என்கிறாள்.

இப்படிக்கு,
முத்துமாரி

*

சங்கரன்கோவில்
27.1.2025

அன்புத் தங்கை முத்துமாரிக்கு,

இறைவன் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மாரிசெல்வியைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்று கத்தரிக்காய்ப் பச்சடியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் நைட்டி தைக்கும் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். சத்தம் தொந்தரவாக இல்லையா என்றால், சத்தம் இருந்தால்தான் படிப்பு ஏறுது என்கிறாள்.

உன்னிடம் சொன்னாளோ என்னவோ, அன்று ஸ்டேஷனில் அவளுக்குத் தூரம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பெஞ்சை விட்டு எழும்பாமலே இருந்தாள். "ஏன் மக்கா எந்திக்க மாட்டேங்க?" என்று கேட்டேன். காதுக்குள் சொன்னாள். பெண் போலீஸிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடிப்போய் நாப்கின் வாங்கி வந்தேன். என் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றிவிட்டேன். அதுவரை கல் மாதிரி இருந்தவள் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இப்போது என்னை "சாஜிதாம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

உன் அக்கா,
சாஜிதா பானு

*

திருப்பூர்
9.2.2025

சாஜிதா பானு அவர்களுக்கு,

என் வீட்டில் கத்தரிக்காய் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள் அவள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன். "ஏட்டி, ஸ்டேஷன்ல அப்படி ஆச்சுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அதான் சாஜிதாம்மா இருந்தாங்கல்ல" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் தைத்த பீஸ் எல்லாம் கோணலாகப் போய் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

அவள் பெரிய மனுஷியானபோதும் நான் இங்கேதான் இருந்தேன். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ சேலை கட்டிவிட்டார்கள். நான் போட்டோவில் பார்த்தேன். இந்தத் தடவையும் யாரோ.

நீங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குத் துணைக்கு உட்காருகிறீர்கள். புண்ணியமான காரியம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் உங்களுக்கு இருக்கட்டும். எனக்கு இருப்பது ஒன்று. அவளை இனிமேல் உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள். பெற்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன். நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

முத்துமாரி

*

சங்கரன்கோவில்
16.2.2025

முத்துமாரிக்கு,

நீ கேட்டபடி செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சத்தம் கேட்கக் கூடாது என்று மிஷினையும் நிறுத்தினேன். "சாஜிதாம்மா, நான்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளதான் இருக்கியன்னு தெரியும். நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க, போயிருதேன்" என்றாள். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். போய்விட்டாள்.

உனக்குப் பொறாமை. எனக்கும் இருந்தது, தெரிந்துகொள். அன்று ஸ்டேஷனில் நான்தான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் கண் வாசலில் இருந்தது. ரோட்டில் பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் "எங்கம்மாவா இருக்குமா?" என்றாள். வாங்கிக் கொடுத்த இட்லியைக்கூட "அம்மா வரட்டும்" என்று மடித்து வைத்துவிட்டாள். துபாயில் இருக்கும் என் மகன் ஆரிப் பெருநாளைக்குப் போன் செய்தால் உண்டு. பக்கத்தில் இல்லாமலே பிள்ளை மனதில் உன்னால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

குழுமத்தில் அவள் என் கையைப் பிடித்தது பாசத்தில் இல்லை. "அம்மா மூஞ்சியப் பாக்க பயமா இருக்கு" என்று சொல்லித்தான் பிடித்தாள்.

இனி எனக்கு எழுதாதே.

சாஜிதா பானு

*

சங்கரன்கோவில்
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். பூ மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் எடுத்து, பூக்கட்டும் வேலைக்குப் போகிறேன். மாரிசெல்வி என்னோடு இருக்கிறாள். பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். நான் வைப்பதைச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். உங்கள் பேச்சையே எடுப்பதில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் உங்கள் தெரு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று சொல்லிவிட்டேன். "அவங்க கதவத் தொறக்காதது என்னாலதான். உன்ன விடக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன்."

"உனக்கு அவங்க மேல என்னம்மா?" என்றாள்.

"பொறாமைதான்."

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. "போலீஸ் பிடிச்ச பிள்ளன்னுதான் அவங்களும் சாத்திட்டாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லி அழுதாள். ஸ்டேஷனில் அவள் அழுததை நான் பார்க்கவில்லை. இதைப் பார்த்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை அனுப்புகிறேன். கதவைத் திறந்து வையுங்கள். தெருமுனை வரைக்கும் நானும் வருவேன். என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். அவள் உங்களை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

இருட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். சாப்பாடு போட்டுவிடாதீர்கள். நான் சமைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
முத்துமாரி