புதுசு படைக்காத புத்தகங்கள்

தை 7, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. முந்தாநாள் துவைத்த சேலை இன்னும் ஈரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டதில் சேலை முழுக்கப் புகை நாற்றம்.

மத்தியானம் காதர் பாய் வந்தார். பேளுக்குறிச்சியில் மிளகு வியாபாரம் செய்கிறவர். விலை பேச மலையேறும்போதெல்லாம் எங்களுக்கு வரும் தபாலும் சாமானும் அவர் ஆட்கள் தலையில்தான் ஏறும். இன்று ஒரு சாக்கு மூட்டை.

"பிரிச்சுப் பாருங்க வாத்தியாரம்மா. மிளகா இருந்தா எனக்கு, பொஸ்தகமா இருந்தா உங்களுக்கு."

புத்தகங்கள்தான்! குழந்தைகளுக்கென்றே அச்சடித்தவை. கதை இல்லை, எல்லாம் உள்ளது உள்ளபடி. தேனீ. நட்சத்திரம். ரயில் எப்படி ஓடுகிறது. மழை. விதை. நம் உடம்பு (எலும்புக்கூடு படத்தோடு). கடல். இன்னும் சில. பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். "அம்மிணி, அது படிக்கறதுக்கு, திங்கறதுக்கு இல்லே" என்றார் இவர், என் வீட்டுக்காரர். இவருக்கு வாசலூர்ப்பட்டிப் பள்ளிக்கூடம், எனக்கு அதை ஒட்டிய அறையில் பொது நூல்நிலையம். சம்பளம் அவருக்கு, சாவி எனக்கு.

பாய் போகும்போது ஒரு சேதி சொன்னார். கீழே நூல்நிலைய ஆபீசில் அதிகாரி சொல்லி அனுப்பியதாம். "வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழன் ஐயா மேல வாராராம்மா. புள்ளைங்க எடுத்துப் படிக்குதான்னு பாப்பாராம். அலமாரியில சும்மா கெடந்தா, இதே சாக்குல கட்டி ராசிபுரத்துக்கு அனுப்பிடுவாராம்."

சும்மா கிடக்குமாமே! வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

தை 8, திங்கள்

வெயில், கொஞ்சம். அலமாரியைத் துடைத்தேன். புதுப் புத்தகங்களை முன்பக்கம் தெரியும்படி நிறுத்தி வைத்தேன். தேனீ நடுவில்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாசலில் கூட்டம். கூட்டம் வாசலோடு சரி. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால். "வா கண்ணு, எடுத்துப் பாரு" என்று மழைப் புத்தகத்தை நீட்டினேன். நீட்டினதுதான் தாமதம், அத்தனையும் ஓட்டம். பக்கத்து ஊட்டுக் காத்தாயி மகள் பொன்னி மட்டும் வேலி வரை ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

வெட்கமாக இருக்கும். நாளைக்கு வருவார்கள்.

உப்பு தீர்ந்துவிட்டது. பாயிடம் சொல்ல மறந்தேன்.

தை 10, புதன்

வரவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. பழைய கிழிந்த புத்தகங்களை எல்லாம் வந்து புரட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். புதுசு பக்கம் தலை திரும்புகிறது, கை போவதில்லை.

ஏன்? யோசித்தது:
அழுக்குக் கைக்கு நான் திட்டுவேன் என்ற பயம். (திட்டுகிறவள்தான். ஆனால் இவ்வளவுக்கா?)
இவர் பாடம் நடத்துகிற லட்சணத்தில் படிப்பே வெறுத்துவிட்டது. (இவரிடம் சொல்லவில்லை.)
எலும்புக்கூடு!

அதுதான். ஓட்டமும் நடையுமாகப் போய் உடம்புப் புத்தகத்தை எடுத்து வந்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். ராத்திரிச் சோற்றின் போது இவர் சிரிக்கிறார். "பொட்டியில் பொணத்த வெச்சுட்டு எப்படித்தான் தூங்கப் போறயோ?"

தை 11, வியாழன்

எலும்புக்கூட்டைத் தூக்கியும் பலன் இல்லை.

இன்று வேறு வழி. வாசற்படியில் உட்கார்ந்து கடல் புத்தகத்தை நானே சத்தமாக வாசித்தேன். வந்தார்கள்! மண்ணில் உட்கார்ந்தார்கள். மீன் எப்படி மூச்சு விடும், தண்ணீர் ஏன் உப்பு, கப்பல் ஏன் முழுகுவதில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு கிள்ளல் இல்லை. பொன்னி வாயைத் திறந்தபடி இருந்தாள். நான் படம் காட்டி முடிப்பதற்குள், "அடுத்த பக்கம் திருப்புங்க, திருப்புங்க" என்று பறந்தாள்.

"இந்தா, நீயே திருப்பு" என்றேன்.

கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். "மாட்டேனுங்க."

"ஏன்டி?"

கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. ஆசை இருக்கிறது, தொட மாட்டாளாம். எனக்கு வந்ததே கோபம். "அப்படின்னா போங்க எல்லாரும், ராசிபுரத்துப் பிள்ளைங்க படிச்சுக்கட்டும்" என்று கத்திவிட்டேன். போய்விட்டார்கள். பொழுது சாயும் வரை வீட்டில் பாத்திரம் உருண்டது. இவர் மெல்ல நழுவி ஆலத்தூர் நாட்டுப் பக்கம் யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டார். கெட்டிக்காரர்.

தை 13, சனி

பனி. காத்தாயி மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். வேக வைக்க உப்பு இல்லை என்றேன், ஓடிப்போய் உப்பும் கொண்டுவந்தாள். இவ்வளவு நல்லவளின் மகள் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறாளே! அடக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

அவளுக்கு ஆச்சரியம். "அதெப்படீங்க தொடும்? இன்னும் புதுசு படைக்கலீங்களே."

புதுசு படைக்கிறது எனக்குத் தெரியும், போன வருஷம் பார்த்தேன். அறுத்த புதுச் சாமையைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஊர்க்கவுண்டர் கையால் ஊட்டுக்கு ஒரு பங்கு வாங்கின பிறகுதான் சாப்பிடுவார்கள். அதுவரை சின்னக் குழந்தை கூட ஒரு மணி எடுத்துக் கடிக்காது.

"அது சாமைக்குத்தானே? இது புத்தகம்!"

"மண்ணுல வெளஞ்சா என்னங்க, கீழ இருந்து ஏறி வந்தா என்னங்க? புள்ளைங்களுக்குன்னு வந்தது. புதுசு புதுசுதானுங்களே. பழைய பொஸ்தவத்துக்கெல்லாம் முன்னாடி இருந்த வாத்தியாரு கேட்டுப் படைச்சாருங்க."

"இதை முன்னாலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"கொண்டாந்தவங்கதானுங்க கவுண்டர்கிட்ட கேக்கோணும். நீங்க கேக்கலே. படிச்சவங்க, என்னமோ நெனச்சுத்தான் கேக்காம இருக்கறீங்கன்னு நாங்களும் இருந்துட்டமுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பாவம் பொன்னி. நான் கத்தியதற்கு அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். சடையக் கவுண்டர், நிதானமான மனுஷர். "புதன்கிழமை சாமைக்குப் படைக்கறமுங்க. அதோட பொஸ்தவத்தையும் வெச்சுப்போடலாம். இதுக்கேனுங்க இப்படி மூச்சு வாங்க ஓடி வாரீங்க?"

புதன் படையல், வியாழன் அதிகாரி. தப்பித்தேன்.

தை 17, புதன்

காலையில் முறத்தில் புதுச் சாமை, இன்னொரு முறத்தில் புத்தகங்கள். உடம்புப் புத்தகத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு மட்டும் ஏன் தள்ளி வைப்பு?

கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. பம்பை மேளம். தேன், பலாச்சுளை எதுவும் இந்தப் பருவத்தில் இல்லை, வாழைப்பழம்தான். பூசாரி சாமைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்படியே புத்தகத்துக்கும் தெளித்தார். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் அழுத்தி ஒரு மஞ்சள் பொட்டு. 'புத்தகங்களில் கறை படுத்தக் கூடாது' என்று நான் எழுதி மாட்டிய அட்டை நூல்நிலையச் சுவரில் தொங்குகிறது. அங்கேயே தொங்கட்டும்.

பிறகு பங்கு. ஊட்டுக்கு ஒரு படி சாமை, அதன் மேல் ஒரு புத்தகம். புத்தகம் போதாத இடத்தில் இரண்டு ஊட்டுக்கு ஒன்று. பிள்ளைகள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொன்னிக்குக் கடல் வந்தது! அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு பூசாரி ஊட்டுக்கு. "எங்கூட்டுக்கு மட்டும் ஏஞ்சாமி எலும்பு?" என்று அவர் சம்சாரம் அங்கலாய்த்தாள்.

திரும்பி வரும்போது சந்தோஷத்தில் கவுண்டரிடம் சொன்னேன்: "படிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரா அலமாரியில் கொண்டு வந்து வைக்கச் சொல்லிடுங்க."

கவுண்டர் நின்றுவிட்டார். "பங்குங்களேம்மா. குடுத்த பங்கைத் திருப்பிக் கேக்கற வழக்கம் இல்லீங்களே."

"அப்படின்னா?"

"அவங்கவங்க ஊட்டுலயே இருக்குமுங்க."

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். சுத்தமாகக் காலி. நாளைக்கு அதிகாரி. இவரிடம் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை.

தை 18, வியாழன்

மேகமூட்டம். அதிகாரி பத்து மணி வாக்கில் வந்து சேர்ந்தார். கனத்த சரீரம், கையில் குடை, கூட ஒரு சேவகன், சேவகன் தோளில் மடித்த சாக்கு. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்று சொன்னதும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே கால் கொப்புளம். முகம் கடுகடு.

அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புத்தகமெல்லாம் எங்கே?"

சொன்னேன். மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டு வைத்தது உட்பட.

"பொதுப் புத்தகத்தைப் பங்கு போடறதாவது! என்னம்மா விளையாட்டா? படிக்காமல் கிடந்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தால், புத்தகமே இல்லை என்கிறீர்களே!"

கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டியபடி வந்தார். "நாங்க கேக்கப்படாதுங்க. வேணும்னா நீங்களே ஊடு ஊடாப் போய்க் கேட்டு வாங்கிக்கங்க சாமி. நீங்க வெளியூருங்க, உங்களுக்கு அந்த வழக்கம் இல்லே."

அதிகாரியும் சாக்கோடு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே.

முதல் ஊடு: புதுசு படைத்த மறுநாள் வந்த ஆள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டாம் ஊடு: மறுபடியும் சாமைச் சோறு. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அங்கே ஒரு பையன் ரயில் புத்தகத்தை அப்பனுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். அப்பன் ரயில் பார்த்ததே இல்லை, ஆனால் நிலக்கரி அள்ளிப் போடுகிற ஆளுக்காக ரொம்பக் கவலைப்பட்டார். "அவனுக்குச் சுடாதுங்களா?" என்று அதிகாரியையே கேட்டார். புத்தகத்தைக் கேட்க வாயெடுத்த அதிகாரி, "சுடத்தான் செய்யும்" என்றார். அதோடு வெளியே வந்துவிட்டார்.

மூன்றாவது காத்தாயி ஊடு. உள்ளே பத்துப் பதினைந்து பேர். நடுவில் பொன்னி, எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, கடல். பெரியவர்கள் எல்லாம் கன்னத்தில் கை. 'அலை' என்ற இடத்தில் நிறுத்தினாள். அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க கடல் பாத்திருக்கீங்களா?"

"நான் பிறந்ததே கடற்கரையில்தான். நாகப்பட்டினம்."

ஊட்டில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்! கேள்வி மேல் கேள்வி.

"அலை எப்பத்தானுங்க நிக்கும்?"

"நிற்காது."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலும்தான்."

"அப்ப எப்படீங்க தூங்குனீங்க?"

அவர் சிரித்துவிட்டார். அந்த மனுஷருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வராது. இங்கே வேலைக்கு வந்த புதிதில் எத்தனையோ நாள் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஊரைப் பார்த்தே ரொம்ப நாளாயிற்று" என்றார். சேவகன் சாக்கை விரித்துப் போட்டான். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நண்டு, சுறா, கட்டுமரம், உப்பளம், புயல். புத்தகத்தில் உள்ளது பாதி, அவர் வாயிலிருந்து வந்தது பாதி. மூன்றாவது தடவையாகச் சாமைச் சோறு வந்தது, பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்தால் பனி இறங்கி வழி தெரியவில்லை. இன்று இறங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் படுக்கை. இவர் கம்பளி கொடுத்துவிட்டு வந்தார்.

புத்தகம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

தை 19, வெள்ளி

பனி விலகி, நல்ல வெயில். அதிகாரிக்கு வரக்காப்பி. குடித்துவிட்டுச் சொன்னார்: "கீழே கொண்டு போக இங்கே எதுவும் சும்மா கிடக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். ஆனால் அம்மா, ஒரு வீட்டுப் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டாமா? இப்படியே விட்டால் அது நூல்நிலையம் ஆகுமா?"

சரிதான். ராசிபுரத்துக்குப் போகாது என்ற சந்தோஷம், ஆனால் ரயில் கிடைத்தவனுக்குக் கடைசி வரை ரயில்தான் என்றால் என் அலமாரி எதற்கு?

எல்லாரும் வழியனுப்பக் கூடியிருந்தோம். பொன்னி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கடல் புத்தகத்தை அதிகாரியிடம் நீட்டினாள்.

"உங்க ஊரைப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னீங்களே. கொண்டு போய்ப் பாருங்க."

அவர் கண் கலங்கிவிட்டது, மறைக்கக் குடையை விரித்தார். "உன் பங்கை எனக்குக் குடுக்கிறாயா கண்ணு?"

"குடுத்துடறேன்னு சொல்லலீங்க. எனக்கு இன்னும் பாதி இருக்குது. படிச்சுட்டுக் கொண்டாந்துருங்க."

"அடி இவளே! பங்கைத் திருப்பிக் கேக்கறதா?" என்று கவுண்டர் பதறினார்.

"பங்கு என்னுதுதானுங்களே பெரியப்பா? அவரு படிச்சுட்டுக் குடுத்தா நான் மழையை வாங்கிக்குவேன். மழைக்காரனுக்குக் கடலைக் குடுப்பேன்."

ஊட்டுக்கு ஊடு விதை மாற்றிக்கொள்வது போல என்றால் தப்பில்லை என்றார் கவுண்டர். பிள்ளைகள் அப்போதே மாற்றிக்கொள்ள ஆரம்பித்து, ஒரே கூச்சல். பூசாரி சம்சாரம் எலும்பைத் தள்ளிவிட ஆள் தேடினாள்.

நான் அதிகாரியிடம் நூல்நிலையப் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டினேன். புதுப் புத்தகங்களில் ஒன்றை முறைப்படி கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிற முதல் ஆள். பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றேன்.

"ஐயோ, இந்த மலையை மறுபடியும் ஏறணுமா!"

"ஏறித்தான் ஆகோணுமுங்க" என்றாள் பொன்னி.