இரண்டாவது கேசட்

வலியசாலை,
ஜூலை 1998

அப்பாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன ராக் கேசட் பரணில் கிடைத்தது. கிதார் தொடங்கினால் என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே கேட்கிறேன். "என்ன இரைச்சல்டி இது, நிறுத்து!" என்று அம்மா தினமும் கத்துகிறாள்.

இசைத்தட்டை ஓடவிட்டு, பக்கத்தில் டேப்ரிக்கார்டர் வைத்துப் பதிவு செய்தீர்களோ? மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தரம் போடுங்கோ" என்கிறாள். யாரோ ஒருத்தி என்று உங்கள்மேல் ஆத்திரமாக வந்தது.

நேற்று அந்தப் பாட்டு முடிந்தபோது, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா, கேசட்டுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டாள். அதே குரல். உடனே உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கேசட்டின்மேல் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது உங்களிடம்தானே? தபாலில் அனுப்பாதீர்கள், உடைந்துவிடும்.

உங்கள் மகள்