மறுபதிப்பில் இருந்த பெயர்

வியாழக்கிழமை, வவுனியா.

நம் விஞ்ஞானக் கதை எழுத்தாளரின் முதல் சித்திரக்கதையை மூன்று மாதமாகத் தேடினேன். இன்று விசுவமடுவில் மறுபதிப்பு ஒன்று கிடைத்தது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டின்போது கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சிட்டது. அதற்குப் படம் வரைந்த, காலஞ்சென்ற ஓவியரின் மனைவி அதை அலுமாரியில் வைத்திருந்தார். “கதையும் படமும்” என்று ஓவியரின் பெயர் மட்டுமே இருந்தது.

“முதல் பதிப்பு வரேக்க இவருக்கு அரசாங்க உத்தியோகம், தம்பி. தன்ர பேரிலை கதை எழுதேலாது. அதாலை கதைக்குச் சிநேகிதன்ர பேரைப் போட்டவர். வேலையை விட்டாப் பிறகுதான் தன்ர பேர். நீங்களும் பேப்பரிலை சிநேகிதன்ர கதையெண்டு எழுதிப்போட்டியள்.”

திரும்பி வந்ததும் எழுத்தாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஓம், அவன்ர கதைதான். எத்தினை பேட்டி எடுத்தனீர், ஒருக்காவது கேட்டனீரோ?” என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “சனிக்கிழமை சபையிலை சொல்லிப்போடாதையும்.”

சனிக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. முதல் பேச்சு என்னுடையது; அந்தச் சித்திரக்கதையைப் பற்றி என்று அழைப்பிதழில் போட்டாயிற்று. அந்த அம்மாவும் வருகிறார். முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பதாக, அந்த மறுபதிப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நான்தான் சொல்லியிருந்தேன்.