பின்சீட்டு ஜன்னலில் ஒரு கை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

வேலைக்குப் போய்வர போன வருஷம் வாங்கிய பழைய பெட்ரோல் கார் நல்ல மைலேஜ் கொடுக்கிறது. குடும்பக் கார் என்றுதான் விற்றார்கள். குடும்பம் என்று ஏறுவது நான் மட்டும்தான். ஆனால் குளிரில் கண்ணாடி பனித்தால், பின்சீட்டு ஜன்னலின் உள்பக்கம் ஒரு குழந்தையின் கைத்தடம் தெரிகிறது. துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகிறது.

மெக்கானிக் சிரித்தார். "பழைய ஓனரோட புள்ள வச்சதா இருக்கும். எண்ணெய்க் கறை லேசுல போகாது."

பயப்படாதே. இப்போது நான் துடைப்பதில்லை, துணைக்கு இருக்கட்டும்.

பாப்பா கையைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. அளவு பார்க்க வேண்டும். போன குளிரில் என் உள்ளங்கைக்குள் அடங்கிய அந்தக் கை, இப்போது அடங்கவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

பாப்பா அப்பா